வெண்குடைக் கட்சிக்கு வந்த மொட்டை ஓலை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மருதாற்றங்கரையில் அதிரவீர மழவராயன் என்றொரு ராஜா நாடாண்டுகொண்டிருந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு கட்டளை போட்டு, மத்தியானம் அதை மறந்து, சாயங்காலம் "எவன் இப்படிக் கட்டளை போட்டது?" என்று கோபித்துக்கொள்கிற ரகம்.

அவன் தலைநகரில் வெண்குடைக் கட்சி என்று ஒன்று இருந்தது. ராஜா ஊர்வலம் போனால் குடை பிடிப்பதும், கோஷம் போடுவதும், ஊருக்கு என்ன வேண்டும் என்று ராஜாவிடம் சொல்வதும் அதன் வேலை. அதற்குப் பதினெட்டு வருஷமாக விருதகிரியார்தான் தலைவர். வருஷாவருஷம் தேர்தல் உண்டு. அது நடக்கும் அழகைக் கேளுங்கள். "நான் வேண்டாம் என்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்பார். ஒன்பது வருஷத்துக்கு முன்னே ஒருவன் எழுந்து நின்றான். அன்றிலிருந்து ஊர்வலத்தில் யானைக்குப் பின்னால் கூடையோடு சாணம் அள்ளிக்கொண்டு போகிறான். அதற்கப்புறம் கட்சியில் எல்லாருக்கும் முழங்கால் வலி. யாரும் எழுந்திருப்பதில்லை.

ஒருநாள் கட்சி மண்டபக் கதவில் ஒரு ஓலை செருகியிருந்தது. கீழே பேர் இல்லை. விருதகிரியார் படித்தார். முகம் கறுத்தது. ஓலையை மடியில் ஒளித்துக்கொண்டு நேரே அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா! எனக்கு மொட்டை ஓலை! என்னைத் திட்டினால் உங்கள் குடையைத் திட்டியது மாதிரி. குடையைத் திட்டினால்..."

"என்னைத் திட்டியது மாதிரி!" என்று ராஜாவே முடித்துவிட்டான். "எழுதியவனைக் குடும்பத்தோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்துகிறேன். அமைச்சரே, இன்று பொழுது சாய்வதற்குள் ஆளைக் கண்டுபிடியும்!"

ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று ராஜா கேட்கவே இல்லை. கோபம் வந்தபிறகு அதெல்லாம் எதற்கு?

எழுதியது யார் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த மாசிலாமணி. வீட்டில் மனைவி நிறைமாதம். சபைக்குக் கட்சிக்காரர்கள் முப்பது பேரையும் கூட்டி வந்து உட்கார வைத்தபோது, ஆற்றில் வெள்ளம் எவ்வளவு இருக்கும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அமைச்சர் தாண்டவராயர் நிதானமாக எழுந்தார். விருதகிரியாருக்கு அமைச்சர் பதவி மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அதனால் இவரைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாரையும் எழுதச் சொல்வோம், மகாராஜா. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஓலையைப் படியுங்கள், விருதகிரியாரே. கேட்டு எழுதட்டும்."

"ஐயையோ! அந்த அசிங்கத்தைச் சபையில் படிப்பதா? மாட்டேன்!"

"அப்படியானால், அதில் என்ன இருந்திருக்கும் என்று அவரவருக்குத் தோன்றுவதை எழுதட்டும். யாருடைய கை என்று தெரிய வேண்டுமே, கீழே பேரும் போடட்டும். கட்டளைக்காக எழுதுவதற்குத் தண்டனை உண்டா, மகாராஜா?"

"நான் எழுதச் சொல்லி நானே தண்டிப்பேனா? எனக்கென்ன பைத்தியமா?"

அமைச்சர் அதற்குப் பதில் சொல்லாமல் ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கச் சொன்னார். முதலில் கொஞ்சம் தயக்கம். அப்புறம் பாருங்கள், முப்பது எழுத்தாணியும் கீறுகிற சத்தத்தில் சபையே அதிர்ந்தது. இரண்டு பேர் இன்னொரு ஓலை கேட்டு வாங்கினார்கள்.

அமைச்சர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"'நாங்கள் பேசினால் தலைவர் தூங்குகிறார். அவர் பேசினால் எங்களைத் தூங்கவிடுவதில்லை.'"

"'விருந்தில் நெய் அவர் இலையோடு நின்றுவிடுகிறது.'"

"'துணைத் தலைவர் அவருடைய பேரன். இன்னும் தொட்டிலில் இருக்கிறார்.'"

ராஜா முதலில் முறைத்தான். பிறகு மீசைக்குள் சிரித்தான். கடைசி ஓலை விருதகிரியாரின் சொந்த மைத்துனருடையது. அதுதான் எல்லாவற்றிலும் நீளம்.

"சரி, அந்த மொட்டை ஓலையில் என்னதான் இருக்கிறது? கொடும்!" என்று ராஜா அதைப் பிடுங்கிப் படித்தான். ஒரே வரி. 'ஐயா, அடுத்த தடவை குடத்தில் ஓலை போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் என்ன?'

"இவ்வளவுதானா?"

ராஜா முப்பது ஓலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை உருவினான். "இதே கை! மாசிலாமணி யார்?"

மாசிலாமணி எழுந்தான்.

"நான்தாங்க மகாராஜா."

"பேரைப் போட்டு எழுத என்ன கேடு?"

"பேரைப் போட்டா பேரை மட்டும் படிப்பாங்க மகாராஜா. விஷயத்தைப் படிக்க மாட்டாங்க."

"போடாததால் விஷயத்தை விட்டுவிட்டு உன் பேரைத்தானேடா தேடினோம்?"

"தேடினது நீங்கதானுங்களே."

விருதகிரியார் துள்ளினார். "பார்த்தீர்களா திமிரை! ஆற்றுக்கு அந்தப் பக்கம்!"

"அனுப்பலாம்," என்றார் அமைச்சர். "இவர் பேரில்லாமல் மரியாதையாகக் கேட்டார். மற்றவர்கள் பேரோடு திட்டியிருக்கிறார்கள். இவர் போவதானால் முப்பது குடும்பமும் போக வேண்டும். நாளை ஊர்வலத்தில் குடையை விருதகிரியார் பிடிக்கட்டும். கோஷத்தைத் தொட்டிலில் இருக்கும் துணைத் தலைவர் போடட்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினான். "யாரும் எங்கும் போக வேண்டாம். கொண்டுவா ஒரு குடம்! மாசிலாமணி, விருதகிரி, இரண்டு பேரில் யார் தலைவர் என்று இப்போதே ஓலை போடுங்கள். இதிலே எழுதுகிறவன் பேர் வேண்டாம்!"

தலைவரையும் சேர்த்து முப்பத்தொரு பேர் போட்டார்கள். மாசிலாமணிக்கு முப்பது. விருதகிரியாருக்கு ஒன்று.

அன்று சாயங்காலம் விருதகிரியார் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். ஒவ்வொருவராக உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அவர் காதோரம் குனிந்து, "அண்ணே, அந்த ஒண்ணு நான் போட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மைத்துனர் கண்ணீரே விட்டார்.

இருபத்தொன்பது பேர் சொல்லும்வரை விருதகிரியார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஒன்றைப் போட்டது தான்தான் என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?