கரடி மேஸ்திரி சொன்ன ‘பாத்து’

பச்சைமலைக் காட்டில் பலாப்பழம் அறுக்கும் வேலை மும்முரமாக நடந்தது. மரம் ஏறுவது குரங்குகள். அவற்றுக்கு மேஸ்திரி ஒரு கரடி. கரடிக்கு மேலே சிங்கராஜா.

சிங்கம் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தது. மரம் ஏறுகிறவர் யாரானாலும் இடுப்பில் ஒரு கொடியைக் கட்டி, மறுமுனையைப் பெரிய கிளையில் முடிந்துகொள்ள வேண்டும். கட்டாதவர் காட்டைவிட்டே போக வேண்டும்!

கரடி இந்தச் சட்டத்தைத் தினமும் காலையில் உரக்கச் சொல்லும். கடைசியில், “எல்லாரும் பாத்து! பாத்துப் பண்ணுங்க!” என்று முடிக்கும். அதே மூச்சில், “ம்... சீக்கிரம், சீக்கிரம்!” என்றும் விரட்டும்.

பிறகு தான் மட்டும் கொடி கட்டாமல் மரம் ஏறிவிடும்.

“மேஸ்திரி, உங்க கொடி எங்கே?” என்று ஒரு குரங்கு கேட்டது.

“அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்கு! எனக்கு எத்தனை வருஷ அனுபவம் தெரியுமா?” என்றது கரடி.

உண்மைக் காரணம் வேறு. கொடி அதன் தொப்பையைச் சுற்றி வரவில்லை. மூன்று கொடிகளைச் சேர்த்து முடிந்தால் வரும். ஆனால் குரங்குகள் சிரிக்குமே!

நீங்கள் கரடியைக் கேலி செய்யலாம். எனக்கு அந்த உரிமை இல்லை. நாற்காலிமேல் முக்காலி போட்டு, அதன்மேல் ஏறி நின்று பல்பு மாட்டுகிற ஆள் நான். வீட்டில் யாராவது பதறினால், “எனக்குத் தெரியும்!” என்று வேறு சொல்வேன்.

அந்தக் கூட்டத்தில் செவ்வந்தி என்றொரு மந்தி இருந்தது. வயிற்றில் எப்போதும் குட்டி தொங்கிக்கொண்டிருக்கும். அது மட்டும் தவறாமல் கொடி கட்டும். அதனால் எப்போதும் கடைசியாகத்தான் வேலையை முடிக்கும்.

முதலில் முடிக்கிறவருக்குக் கரடி ஒரு பெரிய சுளை கொடுக்கும். கடைசியாக முடிக்கிறவருக்குக் கிண்டல்தான்.

“என்ன செவ்வந்தி, இன்னும் முடிச்சுப் போட்டு ஆகலையா? அதுக்குள்ள பழம் அழுகிடும் போல!”

எல்லாக் குரங்குகளும் சிரித்தன. செவ்வந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் அது கொடியைத் தொடவே இல்லை.

அன்று பார்த்து மழை பெய்திருந்தது. செவ்வந்தி ஒரு பழத்தை எட்டிப் பிடித்தது. சடசடவென்று கிளை முறிந்தது!

நேர் கீழே கரடி நின்றிருந்தது. அண்ணாந்து பார்த்தால், தாயும் குட்டியும் தலைமேல் வந்துகொண்டிருந்தன! “ஐயோ!” என்று அலறிக்கொண்டு கரடி மல்லாந்து விழுந்தது. அதன் தொப்பைமேல் ‘தொம்’ என்று வந்து விழுந்தது செவ்வந்தி.

குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. செவ்வந்திக்கு இடது கை முறிந்துவிட்டது.

கரடி மூச்சு வாங்க எழுந்து கத்தியது. “தினமும் பாத்து, பாத்துன்னு தொண்டை கிழியக் கத்துறேனே! பாத்துச் செய்ய மாட்டியா?”

“பாத்துத்தான் செஞ்சேன், மேஸ்திரி!” என்று அழுதது செவ்வந்தி. “உங்களைப் பாத்துத்தான் செஞ்சேன்!”

கரடியின் கை கொடி கட்டாத தன் இடுப்புக்குப் போயிற்று.

சத்தம் கேட்டுச் சிங்கம் வந்தது.

“கொடி கட்டினியா?”

“இல்லை, ராஜா.”

“அப்போ குட்டியைத் தூக்கிக்கிட்டுக் காட்டைவிட்டுப் போ!”

முறிந்த கையோடு எங்கே போவது? எந்த மரத்தில் ஏறுவது? குட்டிக்கு என்ன கொடுப்பது? செவ்வந்தி குட்டியை ஒற்றைக் கையால் இறுக்கிக்கொண்டது.

கரடி பேசாமல் இருந்திருந்தால் அதன் பதவி பத்திரம். ஆனால் அதற்கு மனம் கேட்கவில்லை.

“ராஜா, ஒரு நிமிஷம்! முதல்ல இந்தத் தொப்பையைக் காட்டைவிட்டு அனுப்புங்க. அது போனா நானும் கூடவே போயாகணும், வேற வழியில்லை!”

“என்ன உளர்றே?”

“நான் ஒருநாளும் கொடி கட்டினதில்லை, ராஜா. தொப்பைக்குக் கொடி பத்தலைன்னு சொல்ல வெக்கம். அதுக்கு அனுபவம்னு பேரு வச்சேன். கட்டினவளைக் கிண்டல் பண்ணினேன். கட்டாம முந்தினவனுக்குச் சுளை குடுத்தேன். இப்போ நான்தான் இவளைத் தாங்கிப் பிடிச்சேன்னு எல்லாரும் பேசுவாங்க. அதுவும் பொய்! நான் ஓடத்தான் பாத்தேன். கால் வழுக்கிடுச்சு!”

சிங்கத்துக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“செவ்வந்தி இங்கேயே இருக்கட்டும். கை ஆறுற வரைக்கும் அவ பங்குப் பழம் அவளுக்கு வந்துடணும். நீ நாளைக்கு எல்லார் முன்னாடியும் கொடி கட்டி ஏறணும். அதுதான் உனக்குத் தண்டனை!”

மறுநாள் காலை கரடி மூன்று கொடிகளை ஒன்றாக முடிந்து இடுப்பில் கட்டியது. தொப்பை மேலும் கீழும் பிதுங்கியது. குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

“நல்லாச் சிரிங்க! நானே குளத்துல பாத்துச் சிரிச்சுட்டுத்தான் வர்றேன்!” என்றபடி கரடி மரத்தில் கால் வைத்தது.

“மேஸ்திரி, நில்லுங்க!”

கையில் பச்சிலைக் கட்டோடு நின்ற செவ்வந்திதான் கத்தியது. “ரெண்டாவது முடிச்சு நெகிழ்ந்திருக்கு!”

சிரிப்பு சட்டென்று நின்றது. மேஸ்திரியை ‘நில்’ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கரடி குனிந்து பார்த்தது. தொப்பை மறைத்தது. தடவிப் பார்த்தது.

“அட, ஆமா!” என்று காலை எடுத்தது. அவிழ்த்து, மறுபடி முடிந்து, “இப்போ நீயே இழுத்துப் பாரு, செவ்வந்தி” என்று அதன் முன்னால் போய் நின்றது.

அன்றைய முதல் சுளை செவ்வந்திக்குப் போயிற்று. மற்ற குரங்குகள் ஒன்றின் முடிச்சை இன்னொன்று இழுத்துப் பார்த்துவிட்டு ஏறின. அன்று யாரும் ‘பாத்து’ என்று கத்தவில்லை.

இதுவரை எழுதிவிட்டு, எழுந்துபோய் நாற்காலிமேல் இருந்த முக்காலியைக் கீழே இறக்கினேன். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே இருப்பவர் வாயால் சொல்லும் ‘பார்த்து’ காற்றோடு போய்விடும்; அவர் செய்வதைப் பார்த்துத்தான் கீழே இருப்பவர்கள் செய்வார்கள்.