ஊற்றுக்கு முதலில் வந்த பாட்டன்

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்குக் காடு. அங்கே எல்லா விலங்குகளுக்கும் சேர்த்து ஒரே ஊற்று. யாருடைய பாட்டன் பள்ளத்தாக்கில் முதலில் குடியேறினானோ, அந்த வம்சத்துக்கே முதல் வாய்த் தண்ணீர். மற்றவர்கள் வந்த வரிசைப்படி. இதுதான் அங்கே வழக்கம்.

முதல் வம்சம் கடமானுடையது. அப்படிச் சொன்னது யார் என்று கேட்பீர்கள், குழந்தைகளே. கடமானேதான். கடைசி வம்சம் முள்ளம்பன்றியுடையது.

அந்தக் கோடையில் சரிவிலிருந்து மண் இறங்கி ஊற்றை முக்கால்வாசி மூடிவிட்டது. இரண்டாவதாக நிற்கும் காட்டெருமையின் முறை முடிவதற்குள்ளேயே தண்ணீர் தீர்ந்துவிடும். முள்ளம்பன்றியின் குட்டிகள் இரண்டும் சேற்றை நக்கிக்கொண்டு கிடந்தன. சின்னது நேற்றிலிருந்து எழுந்து நிற்கவே இல்லை.

முள்ளம்பன்றி கடமானிடம் போனது. "மாமா, இன்று ஒரு நாள் என் குட்டிகள் முதலில் குடிக்கட்டுமே."

"வரிசை என்று ஒன்று இருக்கிறதே, அம்மா. நேற்று வந்தவர்களெல்லாம் முன்னால் நின்றால் பரம்பரை என்னாவது?"

"என் பாட்டியே இங்கேதான் பிறந்தாள்!"

"அதைத்தான் சொல்கிறேன். நேற்று."

முள்ளம்பன்றிக்கு முட்கள் சிலிர்த்தன. அடக்கிக்கொண்டது. "சரி மாமா. உங்கள் பாட்டனார் வந்தபோது இங்கே வேறு யாருமே இல்லையா?"

"ஈ காக்கை இல்லை."

"அப்படியானால் ஊற்றைத் தோண்டியது?"

"பாட்டனார்தான். ஒற்றை ஆளாக, கொம்பாலேயே!"

"நல்லது. இப்போது ஊற்று தூர்ந்து கிடக்கிறது. தோண்டுகிற உரிமையும் உங்கள் வம்சத்துக்குத்தானே? நாங்கள் தொட்டால் மரியாதையாக இருக்காது. ஆரம்பியுங்கள்."

எல்லா விலங்குகளும் கடமானைப் பார்த்தன. கடமான் மண்மேட்டைப் பார்த்தது.

"யோசித்துப் பார்த்தால், முதலில் வந்தது காட்டெருமையின் பாட்டன்தான்."

"நாங்களா? நாங்கள் வழி தவறி வந்தவர்கள்" என்றது காட்டெருமை.

"நான் விருந்துக்கு வந்தேன்" என்றது நரி. அது பிறந்ததே அங்கேதான்.

சற்று நேரத்தில் பள்ளத்தாக்கில் முதலில் வந்தவர் என்று யாருமே இல்லாமல் போய்விட்டது.

முள்ளம்பன்றி மண்ணைப் பறிக்கத் தொடங்கியது. வெயில் உச்சிக்கு ஏறியபோது தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. முள்ளம்பன்றி சின்னக் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி ஊற்றின் ஓரத்துக்குக் கொண்டுவந்தது.

கடமான் மெல்ல முன்னால் வந்து, "வரிசை..." என்று இழுத்தது.

"இருக்கிறது மாமா. சின்னவன் குடித்ததும் பெரியவன். அப்புறம் நான். அதற்குள் நீங்கள் எத்தனையாவது வம்சம் என்று முடிவு செய்து வையுங்கள்."

நீதி: பாட்டன் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்பவன், பாட்டன் பெயரைச் சொல்லி மண்ணையும் அள்ள வேண்டும்.