கார் வரியால் வயிறு காய்ந்த ஏழை

கார் வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் வரி போட்டதும் போட்டது, எதிர்க்கட்சித் தலைவர் வயிரவநாதனுக்குத் தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு வேலை வந்துவிட்டது. "எனக்கென்று ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஏழைகளுக்காகத்தான் கத்துகிறேன்!" என்று ஊர் ஊராக முழங்குவார். முழங்கிவிட்டு ஏசி காரில் ஏறிப் படுத்துக்கொள்வார்.

அந்தக் காரை ஓட்டுகிறவன் சோணமுத்து. அவன் வீட்டுக்கு ரேஷன் அரிசி நின்றுபோய் இரண்டு மாதம். "ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கொடுங்கண்ணே" என்று கெஞ்சினால், "எலெக்ஷன் முடியட்டும்டா" என்பார் தலைவர்.

சந்தைப்பேட்டைக் கூட்டத்தன்று தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. "டேய், இந்தக் கார் வரியால வயிறு காயுற ஏழை ஒருத்தனைப் பிடிச்சு மேடையில நிறுத்து. இல்லேன்னா சாவியை வச்சிட்டு வீட்டுக்குப் போ!"

கார் வைத்திருக்கிற ஏழைக்கு எங்கே போவான்? சோணமுத்து தலையைச் சொறிந்தான். பிறகு தானே மேடையேறி மைக்கைப் பிடித்தான்.

"ஐயாமாரே, அம்மாமாரே, அந்த ஏழை நான்தான். என் பேர்ல நாலு கார் இருக்கு. நாலு கார்க்காரனுக்கு எதுக்குய்யா இலவச அரிசின்னு ரேஷன் கடையில விரட்டிட்டாங்க. நாலையும் வாங்கி என் பேர்ல எழுதி வச்சது நம்ம தலைவர்தான்!"

கூட்டம் விசிலடித்தது. "சாவியை வச்சிட்டு இறங்குடா!" என்று தலைவர் உறுமினார்.

"வேலையை வேணா நீங்களே வச்சுக்கோங்கண்ணே" என்றான் சோணமுத்து, பணிவாக. "நாலு வண்டியும் என்னோடது. அதையெல்லாம் வித்தாத்தானே எனக்கு அரிசி போடுவாங்க!"

கார் கிளம்பிப் போனது. தலைவர் பஸ்ஸுக்கு நின்றார். மேடையில் அவர் சொன்னது அன்றைக்குத்தான் நிஜமானது. அவருக்கென்று ஒரு சைக்கிள்கூட இல்லை.