வில்லிவாக்கத்துக்கு லைன் கிளியர்

கொக்குமேடு ஜங்ஷனில், ரயில்வே காலனிக்குப் பின்தெருவில், ஓய்வுபெற்ற பெரிய மனிதர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பாஷ்யம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சவரிமுத்து எஞ்சின் டிரைவர். தனகோபால் கார்டு. இவர்கள் பணியில் இருந்தவரை அந்தப் பாதையில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. வண்டிகளும் அவ்வளவாக ஓடியதில்லை. சட்டம் இடம் கொடுக்கவில்லை.

தனகோபாலின் மகள் தாட்சாயணிக்கு மெட்ராஸ் வில்லிவாக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் பழைய விளையாட்டு ரயில் எஞ்சின்களைச் சேர்ப்பவர். காசிக்குப் புறப்படும் முன் அவற்றில் மிக மூத்ததைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து சம்பந்தி வீட்டுக் கூடத்தில் வைத்தார். உள்ளங்கை நீளத் தகர எஞ்சின். பார்க்க நீராவி எஞ்சின் மாதிரி இருக்கும், ஓடுவது பழைய கடிகாரம் போலச் சாவி கொடுத்தால். கூடவே, அதன் சாவியும், வட்டமாகக் கோக்கத் தண்டவாளத் துண்டுகளும்.

"எங்க தாத்தா காலத்துச் சாமான்," என்றார் ஏகாம்பரம். "சும்மா கெடந்தா ஸ்பிரிங் செத்துடும். தினம் ரெண்டு சுத்து ஓட்டுங்க. தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. வேர்வைக் கையால தொடக் கூடாது. மேல தண்ணி படக் கூடாது. நான் வரும்போது இது ஓடினா அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம். ஓடலைன்னா, மன்னிச்சுக்குங்க சம்பந்தி, ஒரு எஞ்சினைப் பார்த்துக்கத் தெரியாத வீட்டுல நான் பொண்ணு எடுக்க முடியாது."

அவர் போனதும் தாட்சாயணி அப்பாவைத் தனியே கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு. உங்க சிநேகிதங்களைக் கூப்பிடாதீங்க. அது போதும்."

"ச்சே, அவங்க எதுக்கு?" என்றார் தனகோபால். அதற்குள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எண்ணெய். தாட்சாயணி கடையில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தாள். சவரிமுத்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது கடை எண்ணெய். சம்பந்தி கேட்டது தையல் மிஷின் எண்ணெய்."

மூவரும் கடைத்தெரு டெய்லரிடம் போனார்கள். ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தச் சொல்லி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். டெய்லர் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. கடைசியில் ஒரு சொட்டு விழுந்தது. அங்கே தைக்கக் கொடுத்திருந்த தாட்சாயணியின் கல்யாண ரவிக்கை மேல் விழுந்தது. பாஷ்யம் ரவிக்கையை மடித்து எடுத்துவந்து எஞ்சின் மேல் பிழிந்தார்.

அடுத்து வேர்வை. அது மே மாதம், கரண்டும் இல்லை. தனகோபாலின் கை காய வேண்டும் என்று சவரிமுத்து விசிறினார். கை காய்ந்தது, ஆனால் சவரிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. அவருக்குத் தனகோபால் விசிறினார். இவருக்கு வேர்த்துவிட்டது. பாஷ்யம் இதைக் கவனித்துக்கொண்டே இருந்து ஒரு முடிவு சொன்னார்.

"ஒருத்தர் கை காஞ்சா இன்னொருத்தருக்கு வேர்க்குதே. மழை பெஞ்சாத்தான் வேர்வை நிக்கும். ரெண்டு பேரும் எழுந்து, மழை வர்றவரைக்கும் வெளியில நில்லுங்க."

நின்றார்கள். எஞ்சினைத் தாட்சாயணி கைக்குட்டையால் எடுத்துத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்த சவரிமுத்து எஞ்சினைச் சுற்றி வந்து, குனிந்து புகைபோக்கிக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கார்டு, இதுக்குக் கடைசியா எப்ப பாய்லர் கழுவினாங்க?"

"அவர் ஒண்ணும் சொல்லலையே."

"மாசத்துக்கு ஒரு தரம் வெந்நீர் விட்டுக் கழுவாத பாய்லர் வெடிக்கும்யா. பொண்ணு இருக்கற வீடு."

"மேல தண்ணி படக் கூடாதுன்னாரே?"

"மேலதானே?" என்றார் சவரிமுத்து. மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் கொண்டுவந்து புகைபோக்கியில் செருகி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஒரு செம்பு வெந்நீரை உள்ளே விட்டார். அவ்வளவு சுத்தமான வேலையைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றார் பாஷ்யம்.

தாட்சாயணி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நனைந்த செல்போனுக்குச் செய்வதுபோல எஞ்சினை அரிசி டிரம்மில் புதைத்தாள். மறுநாள் எடுத்தபோது ஈரம் போயிருந்தது. சாவி கொடுத்துப் பார்த்தாள். ஸ்பிரிங் இறுகியது, சக்கரம் அசையவில்லை. பற்சக்கரத்துக்கு நடுவில் ஒரு பொன்னி அரிசி மாட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"பாத்தீங்களா, ஓடலை," என்று அழுகிற குரலில் சொன்னாள்.

"எப்படி ஓடும்?" என்றார் பாஷ்யம். "லைன் கிளியர் குடுக்கலையே."

அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலியாக இருக்கிறது என்று அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னால்தான் இங்கிருந்து வண்டியைக் கிளப்பலாம். அதற்குப் பெயர் லைன் கிளியர். மூவரும் வட்டத் தண்டவாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இதுல அடுத்த ஸ்டேஷன் எது, மாஸ்டர்?" என்று கேட்டார் தனகோபால்.

பாஷ்யம் விரலால் தண்டவாளத்தைப் பின்தொடர்ந்து போனார். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"இதேதான்."

"அப்ப நீங்களே உங்களுக்கு லைன் கிளியர் குடுங்க."

"எப்படிக் குடுக்க முடியும்? அடுத்த ஸ்டேஷன்ல ஏற்கெனவே ஒரு வண்டி நிக்குதே!"

மூவரும் பார்த்தார்கள். நின்றுகொண்டுதான் இருந்தது.

"அதை முதல்ல கிளப்பச் சொல்லுங்க," என்றார் சவரிமுத்து கோபமாக. "எவன்யா அந்த டிரைவர்?"

"நீதான்," என்றார் பாஷ்யம்.

சவரிமுத்து தன்மேல் தானே புகார் கொடுக்க எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார்.

இப்படியே ஏகாம்பரம் திரும்பும் நாள் வந்துவிட்டது. வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தாட்சாயணிக்கு முகம் வெளிறியது.

"அப்பா, ஏதாவது செய்ங்க!"

பெண்ணின் கண்ணீர் தனகோபாலின் மூளையைக் கிளறிவிட்டது. பாய்ந்து எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கினார்.

"மாஸ்டர், இப்ப லைன் காலி! சீக்கிரம்!"

"லைன் கிளியர்!" என்று பாஷ்யம் கத்தினார். அந்தக் கத்தலில் தனகோபால் திடுக்கிட்டு எஞ்சினை உலுக்கிவிட்டார். அரிசி உதிர்ந்தது. சக்கரங்கள் கிர்ரென்று சுழன்றதில் பயந்துபோய் எஞ்சினைக் கீழே போட்டார். அது தரையைத் தொட்டதுதான் தாமதம், கூடத்தைக் கடந்து, வாசற்படியில் குதித்து, ஆட்டோவிலிருந்து இறங்கிய ஏகாம்பரத்தின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து, தெருவில் கிழக்கே போய்விட்டது.

தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தாள்.

ஏகாம்பரம் கங்கைச் சொம்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சம்பந்தி, அது நம்ம வண்டியா?"

"ஆமாங்க," என்றார் தனகோபால்.

"என் வீட்டுல ஒரு நாளும் அது வட்டத்தைத் தாண்டினதில்லை. இந்த ஓட்டம் ஓடுது! என்ன பண்ணீங்க?"

"பாய்லர் கழுவினேன்," என்றார் சவரிமுத்து அடக்கமாக.

"கிழக்கால போச்சே. கிழக்க எந்த ஊர்?"

"மெட்ராஸ்தான்," என்றார் பாஷ்யம்.

ஏகாம்பரம் சொம்பைத் தனகோபால் கையில் திணித்தார். "ஐயய்யோ, வீடு பூட்டிக் கெடக்கே! எனக்கு முன்னாடி வில்லிவாக்கம் போயிடுச்சுன்னா யார் வாங்கறது?" அதே ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தார்.

எஞ்சின் எதிர்வீட்டு மணல் குவியலில் மூக்கைச் செருகி நின்றுபோயிருந்தது. தாட்சாயணி அதை எடுத்துவந்து காட்டினாள்.

"அம்மாடி, அதைத் தொடாதே!" என்று பதறினார் பாஷ்யம். "புறப்பட்ட வண்டி. வில்லிவாக்கத்து ஆள் 'வந்து சேர்ந்தது'ன்னு சொல்றவரைக்கும் நமக்கு அதுல உரிமை இல்லை. இருந்த இடத்துலயே வச்சுடு."

தாட்சாயணி சரியென்று தலையாட்டிவிட்டு, அதைத் தன் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள்.

பிறகு தினமும் வில்லிவாக்கத்திலிருந்து போன் வந்தது.

"மாஸ்டர், வண்டி இன்னும் வரலையே?"

"அரக்கோணத்துல எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கி நிக்கும். சின்ன வண்டிதானே."

"வண்டி வராம நான் எப்படித் தாலி எடுத்துக் குடுப்பேன்?"

"நியாயம்தான். லைன்ல வண்டி இருக்கும்போது வேற எதுவும் செய்யக் கூடாது."

முகூர்த்த நாள் வந்தது. பெண் வீட்டார் வில்லிவாக்கம் கல்யாண மண்டபத்தில் இறங்கினார்கள். ஏகாம்பரம் மேடைக்கே வரவில்லை. பச்சைக் கொடி, சிவப்புக் கொடி இரண்டையும் வைத்துக்கொண்டு வாசலில் தெருவைப் பார்த்து நின்றார். ஐயர் இரண்டு தரம் கடிகாரத்தைக் காட்டினார். மாப்பிள்ளை வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

தாட்சாயணி கூரைப்புடவை மாற்றுகிற சாக்கில் பக்கவாட்டுக் கதவு வழியே இறங்கினாள். தெருமுனையில், மேளக்காரர்களின் வேனுக்குப் பின்னால், எஞ்சினை மண்டபத்தைப் பார்க்க வைத்து, ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த முறுக்கை நம்பி, விரலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

அது மெதுவாக, மிகவும் களைத்துப்போனதுபோல், ஏகாம்பரத்தின் கால்வரைக்கும் வந்து நின்றது.

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து எடுத்துத் துடைத்தார். "ரொம்ப லேட். ஆனா முகூர்த்தத்தைத் தவற விடலை பாருங்க!" கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. தாட்சாயணி முதல் தடவையாகச் சிரித்தாள்.

பந்தியில் பாயசம் பரிமாறும்போது ஏகாம்பரம் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. சாவி மட்டும் காணோமே?"

சவரிமுத்து சட்டைப்பையைத் தடவினார். பாஷ்யத்தைப் பார்த்தார். சாவி கொக்குமேட்டில், தனகோபால் வீட்டு அலமாரியில், பத்திரமாக இருந்தது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க," என்றார் பாஷ்யம். "வந்த வண்டி வந்துடுச்சு. லைன் இப்ப காலி."

மறுநாள் ஊர் திரும்பியதும் மூவரும் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். சவரிமுத்து அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பாஷ்யம் வில்லிவாக்கத்துக்குப் போன் போட்டு லைன் கிளியர் வாங்கினார். தனகோபால் சாவியை நடுத்தெருவில் கிழக்கே பார்க்க வைத்து, விசில் ஊதி, பச்சைக் கொடி காட்டினார். பிறகு மூவரும் சாப்பிடப் போனார்கள்.

ஏகாம்பரம் வாசலில்தான் நிற்கிறார். மருமகள் மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாளாம்.