குளிக்க மறுத்த பட்டத்து யானை

கேளுங்கள் பிள்ளைகளே, பக்கத்தில் இருக்கும் பெரியவர்களும் கேட்கலாம். யானைகளுக்குப் பட்டம் கட்டி ராஜமரியாதை செய்த காலத்தில், மூங்கிலாற்றங்கரையில் கொற்றவேலன் என்றொரு மன்னன் இருந்தான். அவனுடைய பட்டத்து யானையின் பெயர் சந்தனமாறன்.

பெயரில்தான் சந்தனம். பழைய பாகன் வயதாகி ஊருக்குப் போனதிலிருந்து யானை குளிக்கவே இல்லை. அது வடக்கு வாசலில் நின்றால் தெற்குத் தெருவில் யாருக்கும் சோறு இறங்காது. மறுநாளோ இளவரசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அந்த யானை மேல்தான் ஊர்வலம் வர வேண்டும்.

"பாதி வழியில் மாப்பிள்ளை மயங்கி விழுந்தால் என் மானம் என்ன ஆவது?" என்று மன்னன் கவலைப்பட்டான்.

யானையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று முரசு அறைந்தார்கள். "முன் அனுபவம் உள்ளவர்கள் மட்டும்" என்று சேர்த்து அறையச் சொன்னார் அமைச்சர் அம்பலவாணர்.

பெரிய அரண்மனைகளில் வேலை பார்த்த மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் அதட்டினார், யானை அசையவில்லை. இரண்டாமவர் கரும்பைக் காட்டினார். யானை கரும்பைத் தின்றுவிட்டு அசையாமல் நின்றது. மூன்றாமவர் பின்னால் நின்று தள்ளினார். யானை சுகமாக அவர் மேல் சாய்ந்துகொண்டது. அவரை உருவி எடுக்க ஒரு படையே வேண்டியிருந்தது.

அப்போது பூவாயி என்ற பெண் வந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். தம்பிகளுக்குக் கஞ்சி ஊற்ற அவளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

"எந்த அரண்மனையில் வேலை பார்த்தாய்?" என்று அமைச்சர் கேட்டார்.

"எங்கும் இல்லை ஐயா. கொடுத்தால் இதுதான் முதல் வேலை."

"ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்குத்தான் இங்கே வேலை."

"எல்லோரும் இப்படியே சொன்னால் முதல் வேலையை யார்தான் கொடுப்பது ஐயா?"

அமைச்சர் தாடியைச் சொறிந்தார். "சரி, யாரையாவது குளிப்பாட்டிய பழக்கமாவது உண்டா?"

"என் மூன்று தம்பிகளை. தண்ணீரைக் கண்டாலே ஓடுவார்கள்."

"தம்பிகள் யானைகள் இல்லையே."

"நடுவில் உள்ளவன் ஏறக்குறைய அப்படித்தான்."

மன்னன் சிரித்துவிட்டான். "செய்து பார்க்கட்டும்" என்றான்.

பூவாயி யானையின் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஆற்றில் இறங்கினாள். தண்ணீரை வாரி வாரி இறைத்து விளையாடினாள். கரையில் நின்ற யானை எட்டிப் பார்த்தது.

"நீ வராதே. உனக்கு இன்று குளியல் கிடையாது" என்றாள்.

யானை தண்ணீரில் ஒரு காலை வைத்தது.

"வராதே என்றேனே."

யானை இன்னொரு காலை வைத்தது.

"இந்த ஆறு எனக்கு மட்டும்தான்."

யானை தொப்பென்று ஆற்றில் விழுந்தது. கரையில் நின்ற அமைச்சரும் தலை முழுகியதுபோல நனைந்தார். பூவாயி வைக்கோல் பிரியால் யானையின் காது மடல் வரை அழுத்தித் தேய்த்தாள்.

ஆனால் யானை இப்போது வெளியே வர மறுத்தது. மன்னன் முகம் வாடியது.

"தம்பிகளும் இப்படித்தான் மகாராஜா" என்ற பூவாயி, யானைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "நீ இங்கேயே இரு. நாங்கள் சாப்பிடப் போகிறோம்."

அவள் கரையேறுவதற்குள் யானை அரண்மனைச் சமையற்கட்டு வாசலில் நின்றது.

மறுநாள் மாப்பிள்ளை மயங்காமல் ஊர்வலம் வந்தார். யானையை நடத்தி வந்தவள் அரண்மனையின் புதிய யானைப்பாகர் பூவாயி.

ஆகவே பிள்ளைகளே, சம்பளம் வாங்காமல் வீட்டில் செய்து பழகியதும் அனுபவம்தான், முதல் வேலை கேட்கப் போகும்போது அதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது.