மாவு மில் கரண்ட்

பாறைக்காட்டுப்புதூரில் யாரும் யாரையும் முட்டாள் என்று சொல்வதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் கிடையாது.

அந்த ஊர் அங்கப்பனும் அவன் மச்சான் நாச்சிமுத்துவும், கோயமுத்தூரில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து மில்லிங் மெஷின் வாங்கி வந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். இரும்பைச் சீவிப் பல்சக்கரம் வெட்டுகிற மெஷின். மழையில் நனைந்த யானையைப் போல அது பேசாமல் நின்றது.

மறுநாளே வேலை வந்தது. மாவு மில் வேலாத்தாள், பல் உடைந்த சக்கரத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஞாயித்துக்கெழமை எம்புள்ளைக்குக் கல்யாணம். மில்லு நின்னு போச்சு. முறுக்கில்லாம சீர் போனா சம்பந்தி வீட்டுல ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. சட்டுனு ஒண்ணு வெட்டிக் குடுங்க சாமி!"

வயரிங் வேலை செய்கிற தாவூத் பாய் வந்து பார்த்தார். "இது மூணு லைன் கேக்கற மெஷினுங்க. நானூத்திச் சொச்சம் வோல்ட்டு. உங்க வீட்டுக்கு வர்றது ஒத்தை லைன், இருநூத்திச் சொச்சம். பத்தாது." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மச்சான், எங்க வீட்டுல இருநூத்திச் சொச்சம். உங்க வீட்டுல இருநூத்திச் சொச்சம். கூட்டிப் பாருங்க."

"நானூறு வருது மாப்ள. ஆனா சொச்சம் ரெண்டு வருதே! மெஷின் கேட்டது ஒண்ணுதானே?"

அங்கப்பனுக்கு வியர்த்தது. மிஞ்சுகிற சொச்சத்தை என்ன செய்வது? கடைசியில் இரண்டு வீட்டு வயரையும் இழுத்து மெஷினில் சேர்த்து, கூடவே ஒரு பல்பை மாட்டினார்கள். மிச்சம் அதில் எரிந்து போகட்டும்.

சுவிட்சைப் போட்டதும் மெஷின் "ம்ம்ம்" என்றது. அத்தோடு தெருவுக்கே கரண்ட் போனது.

"சரிங்குது மச்சான்."

"சரின்னுட்டு ஏன் மாப்ள சும்மா நிக்குது?"

தாவூத் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து வயர்களைப் பிடுங்கினார். பிறகு ஒற்றை லைனை மூன்றாக்குகிற ஒரு கன்வெர்ட்டர் பெட்டியைக் கொடுத்தார். "மீட்டருக்கும் மெஷினுக்கும் நடுவுல இதை வெச்சிருங்க. சாயங்காலம் வந்து மாட்டித் தர்றேன்."

கயிறு பிடித்து அளந்தார்கள். சரியான நடு, தண்ணித் தொட்டிக்குள் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி வெச்சா என்னங்க மச்சான்?"

"நடுன்னா நடு மாப்ள. படிச்ச மனுசன் சொல்லியிருக்காரு."

பெட்டி நாலைந்து குமிழி விட்டு அடங்கியது.

சாயங்காலம் தாவூத் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் அந்த ஊரில் பெண் எடுத்தவர், யோசனை மெதுவாகத்தான் உதித்தது. சக்கரம் ஆச்சா என்று பார்க்க வந்திருந்த வேலாத்தாளிடம் திரும்பினார். "ஏனக்கா, உங்க மாவு மில்லு எத்தனை லைன்ல ஓடுது?"

"மூணு."

"அப்ப மெஷினை அங்க கொண்டு போயிருக்கலாமே!"

மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"பாய், அது மாவு மில் கரண்ட்டு," என்றான் அங்கப்பன் மெல்ல. "இரும்பு மாவாப் போயிராதா?"

"அது போகட்டும்," என்றாள் வேலாத்தாள். "மொளகா அரைச்ச மில்லுல உடனே அரிசியப் போட்டா காரம் ஏறுதில்ல? இரும்பு வெட்டுன கரண்டுல எப்படி மாவு அரைக்கறது?"

ஒன்றும் ஆகாது என்று தாவூத் சத்தியம் செய்தார். டிராக்டரில் மெஷின் மில்லுக்குப் போனது; ஓடியது; சக்கரத்தை வெட்டியது. அதை மாட்டியதும் மில்லும் ஓடியது. ஆனாலும் வேலாத்தாள் முதலில் ஒரு படி தவிட்டைப் போட்டு, கரண்டைக் கழுவிய பிறகுதான் அரிசியைக் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சீர் போனது. முறுக்கும் போனது. பந்தலில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். 'கடக்' என்றது. பாதிப் பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, இரும்பாட்டம் இருக்குது?"

வேலாத்தாள், அங்கப்பன், நாச்சிமுத்து மூவரும் மெல்லத் திரும்பித் தாவூத்தைப் பார்த்தார்கள்.

தாவூத் தன் கையிலிருந்த முறுக்கைப் பார்த்தார். பிறகு யாரும் கவனிக்காதபோது, சட்டைப்பையிலிருந்து கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்து முறுக்கில் வைத்துப் பார்த்தார்.