முன்வரிசைத் துண்டு

நெய்க்குன்றத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். பாட்டுக் கச்சேரி என்று தமுக்கு அடித்துவிட்டால் போதும், விடியும் முன்னே யானைச்சண்டை மைதானத்துக்கு ஓடி, மேடைக்கு முன்னால் துண்டை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூக்கம். சாயங்காலம் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து, அவரவர் துண்டில் ஜம்மென்று உட்காருவார்கள். அடுத்தவன் துண்டை எவனாவது நகர்த்தினானோ, தொலைந்தான்!

போன வருஷம் இதில் மாட்டிக்கொண்டவர்கள் மலைநாட்டு விருந்தாளிகள். பாவம், கடைசியில் நின்று எம்பி எம்பிப் பார்த்தும் பாடகி பங்கஜவல்லியின் கொண்டைப்பூகூடக் கண்ணில் படவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்று மதகு அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது? தண்ணீர் தாமதமாக வந்தது, நாற்றெல்லாம் கருகிவிட்டது.

இந்த வருஷமும் கச்சேரி வந்தது. ராஜா கனகபூபதி தலையைப் பிடித்துக்கொண்டார்.

"விருந்தாளிகளை இந்தத் தடவை முன்வரிசையில் உட்கார வைத்தே ஆகவேண்டும்!"

"துண்டுகளை வாரி எறிந்துவிடலாமே, மகாராஜா?" என்றான் காவலன்.

"ஐயையோ! ஒரு துண்டைக்கூட யாரும் தொடக்கூடாது!" என்று ராஜா அலறினார். இவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று சபையில் யாருக்கும் விளங்கவில்லை.

தளவாய் மல்லப்பருக்கு அரண்மனை விகடன் அம்பலத்தாடியைக் கண்டாலே ஆகாது. "இது நம்ம அம்பலத்தாடி செய்யவேண்டிய வேலை. மதகு திறக்கவில்லையென்றால் அவன் ஊரைவிட்டே போகட்டும்" என்று கொளுத்திப் போட்டார்.

அம்பலத்தாடி கைகட்டி நின்றான். "துண்டைத் தொடமாட்டேன். மைதானத்தில் மற்றதையெல்லாம் தொடலாமா, மகாராஜா?"

"தாராளமாக!"

கச்சேரியன்று மத்தியானம் அம்பலத்தாடி சத்திரத்துக்குப் போய் விருந்தாளிகளிடம் உள்ளூர் ரகசியங்களை அவிழ்த்துவிட்டான்.

"ஐயா, செருப்பில் ஒன்றை வடக்கு வாசலிலும் இன்னொன்றைத் தெற்கு வாசலிலும் விடுங்கள். அப்போதுதான் திருடுபோகாது. வாசலில் விற்கிற சுண்டலைத் தொட்டுவிடாதீர்கள், நேற்று மீந்தது. மேடை கிழக்கே இருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். மேற்குக் கோடியில் ஒரு படுதா தொங்கும். அதை ஒட்டி உட்காருங்கள்."

"அது கடைசி வரிசை ஆயிற்றே!" மலைநாட்டு மந்திரி சிங்கண்ணருக்கு மீசை துடித்தது. "போன வருஷம் பட்டது போதாதா?"

"என் பிழைப்பே உங்கள் கையில் இருக்கிறது ஐயா. இந்த ஒரு தடவை நம்புங்கள்."

முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் முன்னால் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மல்லப்பருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிங்கண்ணரோ எழுந்து கிளம்பவே தயாராகிவிட்டார்.

தம்பூரா கேட்டது. ஆனால் கிழக்கு மேடையிலிருந்து அல்ல!

மேற்குப் படுதா சரசரவென்று விலகியது. அங்கே புது மேடை, அதில் பங்கஜவல்லி! சிங்கண்ணர் கையை நீட்டினால் தம்பூராவைத் தொட்டுவிடலாம். "அடடா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். மைதானமே திரும்பி உட்கார்ந்தது. முன்வரிசை பின்வரிசை ஆகிவிட்டது.

முதல் பாட்டு முடிந்ததுமே சிங்கண்ணர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே மதகைத் திறக்கச் சொல்கிறேன்" என்றார். அம்பலத்தாடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கூச்சல். "அடேய் அம்பலத்தாடி! இங்கே வாடா!"

ஓடிப்போய்ப் பார்த்தால், சரிகைத் துண்டு ஒன்றின் மேல், முக்காட்டை விலக்கிக்கொண்டு ராஜா கனகபூபதி! சிம்மாசனத்தில் இருந்து கேட்டால் பாட்டு மனசில் ஒட்டாதாம். அதனால் வருஷா வருஷம் விடியற்காலையில் ரகசியமாக ஆள் அனுப்பி முன்வரிசையில் துண்டு போட்டுவிடுவார்.

"என் துண்டை என்னடா பண்ணினாய்?"

"சத்தியமாகத் தொடவில்லை, மகாராஜா. மேடையைத்தான் தொட்டேன்."

ராஜா முறைத்தார். பிறகு மைதானமே அதிரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டு, மல்லப்பர் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்:

"அடுத்த வருஷம் நானும் வெளியூர்க்காரன்தான். எங்கே உட்காரவேண்டும் என்று எனக்கு முதலில் சொல்லிவிடு!"